மேமியோ என்னும் பியின் ஊ லுவின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மியான்மரின் மேமியோவுக்குப் போய் வந்தவர்கள் ஸ்ட்ராபெரித் தோட்டத்தையும் குதிரை வண்டியையும் செங்கல் மாளிகைகளையும் பற்றி எழுதுகிறார்கள். எழுதட்டும், அவை அழகானவைதான். ஆனால் அந்த ஊரின் பாதி ராணுவ வேலிக்குள் இருக்கிறது என்பதையும், அந்த வேலிக்குள் பயின்றவர்கள்தான் பல பத்தாண்டுகளாக நாட்டை ஆள்கிறார்கள் என்பதையும் சொல்லாமல் விட்டால், ஊரைப் பற்றி எதுவுமே சொல்லாதது போலத்தான். அந்தக் குறையைப் போக்கவே இந்தக் கேள்வி பதில். இந்த ஊரோடு தமிழர்களுக்கு ஒரு நெருங்கிய உறவு உண்டு. அது பதினோராவது கேள்வியில் வருகிறது.

1. மேமியோ எங்கே இருக்கிறது?

மாண்டலேயிலிருந்து கிழக்கே சுமார் 67 கிலோமீட்டர் தொலைவில், ஷான் பீடபூமியின் விளிம்பில், ஏறத்தாழ 1,070 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நிலவமைப்பில் ஷான் மலைநாட்டின் வாசற்படி என்றாலும் நிர்வாகத்தில் மாண்டலே மண்டலத்தைச் சேர்ந்தது. சித்திரை வெயிலில் மாண்டலே 40 பாகையைத் தாண்டிக் கொதிக்கும்போது, மலைப்பாதையில் இரண்டு மணி நேரம் ஏறினால் போர்வை தேடும் குளிர் வந்துவிடும். அதே சாலை மேமியோவைக் கடந்து லாஷியோவுக்கும், அங்கிருந்து சீன எல்லைக்கும் போகிறது. குளிரை எல்லோரும் சொல்கிறார்கள். சாலையைப் பலர் சொல்வதில்லை. இந்த ஊரின் வரலாறு பெரும்பாலும் அந்தச் சாலையால் எழுதப்பட்டது.

2. பெயர் எப்படி வந்தது?

ஒரு படை அதிகாரியின் பெயர் அது. 1887இல் ஐந்தாவது வங்காளக் காலாட்படையோடு இங்கே தங்கியிருந்தவர் கர்னல் மே. பர்மிய மொழியில் ‘மியோ’ என்றால் ஊர், நகரம். ‘மேயின் ஊர்’ என்பதே மேமியோ. அதற்கு முன்பு பியின் ஊ லுவின் என்ற பெயரில், வணிகர்கள் தங்கிச் செல்லும் பாதையில், சில பத்து வீடுகள் கொண்ட சிற்றூராக இருந்தது. சுற்றுப்புறத்தில் ஷான் மக்களும் தனு மக்களும் வாழ்ந்தார்கள்.

3. அப்படியானால் கோடை வாசஸ்தலமாக இருந்த ஊர் பின்னாளில் படைத்தளமாக மாறியது என்று சொல்வது சரியா?

பாதிதான் சரி. எந்த ஆண்டில் மாறியது என்று தேடிக்கொண்டே போனால் தொடக்கத்துக்கே போய்ச் சேர்வோம். 1885 நவம்பரில் பிரிட்டிஷ் படை மாண்டலேயைப் பிடித்து, பர்மிய மன்னர் தீபாவை இந்தியாவுக்கு நாடுகடத்தியது. 1886 ஜனவரி 1 அன்று மேல் பர்மாவும் பிரிட்டிஷ் ஆட்சியோடு இணைக்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது. அரண்மனை ஒரு மாதத்துக்குள் விழுந்துவிட்டது, நாடு விழவில்லை. கிராமங்களிலும் காடுகளிலும் பல ஆண்டுகள் எதிர்ப்பு நீடித்தது. அதை அடக்கவும், ஷான் சிற்றரசுகளுக்குச் செல்லும் பாதையைக் கையில் வைத்திருக்கவும் போடப்பட்ட காவல் அரண்தான் மேமியோ. துப்பாக்கி முதலில் வந்தது, டென்னிஸ் மட்டை பின்னால் வந்தது.

ஆகவே ‘மாறியது’ என்பதைவிட, முகாமாகப் பிறந்த ஊர் இடையில் நாற்பது ஆண்டுகள் போல உல்லாச உடை உடுத்தியிருந்தது என்று சொல்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அந்த உல்லாச நாட்களிலும் பட்டாளம் ஊரை விட்டுப் போகவில்லை. பத்தாவது கூர்க்கா துப்பாக்கிப் படையின் தாய்வீடாக இருந்தது மேமியோதான்.

4. கோடைத் தலைநகரம் என்றால் என்ன நடந்தது?

சென்னை அரசு ஊட்டிக்கும், கல்கத்தா அரசு சிம்லாவுக்கும் ஏறியதைப் போல, ரங்கூன் அரசு வெயில் காலத்தில் மேமியோவுக்கு ஏறியது. ஆளுநர், செயலர்கள், எழுத்தர்கள், கோப்புகள், சமையல்காரர்கள் என அரசாங்கமே மூட்டை கட்டிக்கொண்டு வந்தது. ஆளுநர் மாளிகை, கிளப், தேவாலயங்கள், பள்ளிகள் எல்லாம் எழுந்தன. மரச்சட்டமும் செங்கல்லும் கலந்து, புகைபோக்கி வைத்துக் கட்டப்பட்ட வீடுகள் இன்றும் நிற்கின்றன.

அவற்றில் ஒரு வீட்டைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கண்டக்ரெய்க் என்ற பெயருள்ள அந்த மாளிகையை, பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் தேக்குக் காடுகளில் வேலை பார்த்த தன் திருமணமாகாத அதிகாரிகள் இளைப்பாறுவதற்காகக் கட்டியது. நிறுவனத்தின் பெயரைக் கவனியுங்கள். கணக்கில் காட்டாமல் தேக்கு மரம் வெட்டியதாகக் கூறி, 1885இல் தீபாவின் அமைச்சரவை 23 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது இந்த நிறுவனத்துக்குத்தான். அந்த அபராதத்தைக் காரணமாகக் காட்டித்தான் பிரிட்டன் மூன்றாம் ஆங்கில பர்மியப் போரைத் தொடங்கியது. அபராதம் விதித்த மன்னர் இரத்தினகிரியில் சிறைவாசியாக முடிந்தார். அபராதம் விதிக்கப்பட்டவர்கள் அவருடைய மலையில் கணப்பு மூட்டிக் குளிர் காய்ந்தார்கள். இதைத் தெரிந்துகொண்டு அந்த வீட்டைப் பார்த்தால் அதன் அழகு வேறுவிதமாகத் தெரியும்.

5. ரயில் எப்போது வந்தது?

மாண்டலேயிலிருந்து லாஷியோ வரை போகும் பாதையில் மேமியோ ஒரு நிலையம். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் ரயில் மலையேறிவிட்டது. செங்குத்தான சரிவை நேராக ஏற முடியாது என்பதால், வண்டி ஒரு தட்டில் முன்னோக்கியும் அடுத்த தட்டில் பின்னோக்கியும் போய் ஏணிப்படி போல ஏறுகிறது. மேமியோவைத் தாண்டிப் போனால் கோக்டெய்க் பள்ளத்தாக்கு. அதன் மேல் 689 மீட்டர் நீளமும் 102 மீட்டர் உயரமும் கொண்ட எஃகுப் பாலத்தை ஓர் அமெரிக்க நிறுவனம் கட்டியது. எஃகு அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்தது. இரண்டே ஆண்டுகளுக்குள் எழுந்த அந்தப் பாலம், அன்று உலகின் மிகப்பெரிய ரயில் பாலங்களுள் ஒன்று.

சீனாவோடு வணிகம் செய்யவே அந்தப் பாதை என்றார்கள். கூடவே மலைநாட்டுக்குப் படையை விரைவாக அனுப்பவும் அது பயன்பட்டது. அரை நூற்றாண்டு ஆளும் வர்க்கத்தை இலகுவாக மலையேற்றியதும் அதே தண்டவாளம்தான்.

6. ஊரில் யார் யார் வாழ்ந்தார்கள்?

வெள்ளைக்காரர்களின் படங்களை மட்டும் பார்த்தால் அவர்கள் மட்டுமே வாழ்ந்தது போலத் தோன்றும். உண்மையில் அவர்கள் சிறு தொகையினர். கூர்க்கா வீரர்களின் குடும்பங்கள், வங்காளத்திலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் வந்த சிப்பாய்கள், கடைக்காரர்கள், வண்டிக்காரர்கள், சலவைத் தொழிலாளர்கள், ரயில்வே ஊழியர்கள், ஆங்கிலோ பர்மியர்கள், சீனர், ஷான், தனு, பர்மியர் என்று பல மக்களின் ஊர் அது. பணி முடிந்த நேபாளிகள் பலர் அங்கேயே நிலம் பிடித்து மாடு வளர்த்தார்கள். இன்றும் நேபாளி பேசும் குடும்பங்களும், கோயில்களும் பள்ளிவாசல்களும் அங்கே இருக்கின்றன.

வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இதற்குப் பின்னாளில் விலை கொடுத்தார்கள். 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், 1823க்கு முன்பே குடியிருந்த இனங்களையே முழுக் குடிமக்களாக ஏற்றது. பிரிட்டிஷ் பட்டாளத்தோடு வந்தவர்களின் வழியில் பிறந்த ஒருவர், தாம் பிறந்த மண்ணிலேயே தம்மை நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டிய நிலை வந்தது. எந்த அரசு தங்களைக் கூட்டி வந்ததோ அது போய்விட்டது. கணக்குக் கேட்டது வேறோர் அரசு.

7. அந்தக் குதிரை வண்டிகள்?

வண்ணம் பூசிய, நான்கு சக்கரங்களும் மூடிய கூண்டும் கொண்ட வண்டிகள். பர்மிய மொழியில் வண்டிக்கும் ரயிலுக்கும் பொதுவான சொல் ‘யதா’. பாலி மொழியின் ‘ரத’ என்பதே அது. நம் தேரும் அவர்கள் ரயிலும் ஒரே சொல்லில் ஓடுகின்றன என்பதில் எனக்கு ஒரு சிறு மகிழ்ச்சி.

8. தாவரவியல் பூங்காவைக் கைதிகள் உருவாக்கினார்களா?

ஆம். பூங்கா வேலை முதல் உலகப்போர்க் காலத்தில், 1915 வாக்கில் தொடங்கியது. வன அதிகாரி அலெக்ஸ் ராட்ஜர் முன்னின்றார். தாவர ஓவியரான சார்லட் வீலர் கஃப் செடிகளைத் தேர்ந்து நடுவதில் பங்கெடுத்தார். மண் வெட்டியதில் துருக்கியப் போர்க்கைதிகளும் இருந்தார்கள். மெசபடோமியாவில் பிடிபட்டு, கடல் கடந்து பர்மாவுக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் அவர்கள். இன்று காதலர்கள் படமெடுத்துக்கொள்ளும் கண்டோஜி ஏரிக்கரையில் அந்தக் கைதிகளை யாராவது நினைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

9. பிரிட்டிஷார் காலத்துப் படையில் பர்மியர்கள் இருந்தார்களா?

மிகக் குறைவு. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள் என்பேன்.

பெரும்பான்மையினரான பர்மியர்களைப் பிரிட்டிஷார் நம்பவில்லை. கரென், கச்சின், சின் ஆகிய மலையின மக்களையும், இந்தியர்களையும் கூர்க்காக்களையும் கொண்டே படை நடத்தினார்கள். பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்ட 1937க்குப் பிறகும் இந்த வழக்கம் மாறவில்லை. 1939இல் பர்மியப் படையில் கரென்கள் 1,448 பேர், பர்மியர்கள் 472 பேர் மட்டுமே. மேமியோவின் பரேட் மைதானம் பெரும்பான்மை மக்களின் கண்ணில் அந்நியர்களின் மைதானம். தன் நாட்டு மலையில், தன்னைக் கண்காணிக்கவே ஒரு படை பயிற்சி எடுக்கிறது என்ற உணர்வு எத்தனை கசப்பானது!

சுதந்திரத்துக்குப் பின் வந்த படைத்தலைமை, ‘இனி இது நம் கையில்தான் இருக்க வேண்டும், வேறு எவர் கையிலும் இருக்கக் கூடாது’ என்று பிடிவாதம் பிடித்ததற்கு இந்தக் கசப்பும் ஒரு வேர். அது அவர்கள் செய்த கொடுமைகளுக்கு நியாயம் ஆகாது. ஆனால் வேரைப் பார்க்காமல் மரத்தைப் பேச முடியாது.

10. இரண்டாம் உலகப்போரில் மேமியோவுக்கு என்ன ஆனது?

1942 மார்ச் 8 அன்று ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. அரசாங்கம் மேமியோவுக்கு ஓடியது, இம்முறை வெயிலுக்காக அல்ல. ஆளுநர் டார்மன் ஸ்மித் இங்கே இருந்தார். படைத் தலைமையகமும் இங்கே வந்தது. சீனப் படைகளோடு இணைந்து போரிட வந்த அமெரிக்க ஜெனரல் ஸ்டில்வெல் இங்கே அலுவலகம் போட்டார். ஏப்ரலில் சியாங் கை ஷேக்கும் அவர் மனைவியும் நேரில் வந்தார்கள். ரங்கூன் விழும் வரை அங்கே இறங்கிய தளவாடங்கள் லாஷியோ வரை ரயிலிலும், அங்கிருந்து குன்மிங் வரை பர்மா சாலையிலும் போய்க்கொண்டிருந்தன. அந்தச் சாலைக்கு உயிர் இருக்கும் வரை சீனாவுக்கு உயிர் இருக்கும் என்ற நிலை. ஏப்ரல் 29இல் லாஷியோ விழுந்தது, மே 1இல் மாண்டலே. அதே நாட்களில் மேமியோவும் போனது.

பிறகு அதே மாளிகைகளில் ஜப்பானியர் குடியேறினார்கள். பதினைந்தாவது ராணுவத்தின் தளபதி முடகுச்சி, மேமியோவிலிருந்துதான் இம்பால் படையெடுப்பைத் திட்டமிட்டார். 1944 மார்ச்சில் சுமார் 85,000 வீரர்கள் சின்ட்வின் ஆற்றைக் கடந்து காடேறினார்கள். தளபதி மட்டும் தொடக்க வாரங்களில் மலையின் குளிரிலேயே இருந்தார். உணவும் மருந்தும் போய்ச் சேராத அந்தப் படையெடுப்பில் 30,000 பேருக்கு மேல் இறந்தார்கள், பலர் பசியாலும் நோயாலும். வரைபடத்தில் கோடு போட்டவருக்கும், அந்தக் கோட்டில் நடந்து செத்தவர்களுக்கும் நடுவே ஒரு மலையின் உயரம் இருந்தது.

11. தமிழர்களுக்கு இந்த ஊரோடு என்ன உறவு?

இந்திய தேசிய ராணுவம்தான் அந்த உறவு. நேதாஜி 1944 ஜனவரியில் தம் தலைமையகத்தை சிங்கப்பூரிலிருந்து ரங்கூனுக்கு மாற்றினார். இம்பால் போர் தொடங்கியதும் முன்னணித் தலைமையகத்தை மேமியோவில் அமைத்தார். ஜான்சி ராணிப் படையின் ஒரு பிரிவும் மேமியோ வந்து சேர்ந்தது. அதற்குத் தலைவி கேப்டன் லட்சுமி, சென்னையில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அந்தப் படையில் இருந்த பெண்களில் பெரும்பாலோர் மலாயாவின் தமிழர்கள். ரப்பர் தோட்டத் தொழிலாளர்களின் மகள்கள் பலர். இந்தியாவை ஒருமுறைகூடப் பார்த்திராதவர்கள்.

அவர்களில் ஒருவர் கோலாலம்பூரில் வசதியான வீட்டில் பிறந்த ஜானகி தேவர். நேதாஜியின் பேச்சைக் கேட்ட இடத்திலேயே தம் நகைகளைக் கழற்றிக் கொடுத்தவர். வீட்டின் எதிர்ப்பைத் தாண்டிப் படையில் சேர்ந்து, இருபது வயதுக்குள் அதிகாரியானார். பின்னாளில் மலேசியாவில் செனட்டராக இருந்தார். இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. 2014இல் மறைந்தார்.

அந்தப் பெண்கள் போர்முனைக்குப் போகத் துடித்தார்கள். பயிற்சி எடுத்ததே அதற்குத்தான். ஆனால் இம்பாலிலிருந்து படை தோற்றுத் திரும்பியபோது அவர்களுக்கு வந்து சேர்ந்த வேலை, காயம்பட்டவர்களைக் காப்பாற்றுவது. மலேரியாவும் வயிற்றுப்போக்கும் பிடித்து, எலும்பும் தோலுமாகத் திரும்பிய வீரர்களை மேமியோ மருத்துவமனையில் அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். வானிலிருந்து குண்டு விழுந்த நாட்களிலும் நோயாளிகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டெல்லிக்குப் போகப் புறப்பட்டவர்கள் வெள்ளைக்காரரின் பழைய கோடை ஊரில், தமிழில் ஆறுதல் சொல்லிக்கொண்டு புண் கட்டினார்கள். துப்பாக்கி பிடித்து நிற்கும் அவர்களுடைய படங்கள் நமக்குத் தெரியும். கட்டுத்துணி பிடித்த கைகளைப் பற்றி நாம் போதுமான அளவு பேசவில்லை என்பது என் வருத்தம்.

12. பிரிட்டிஷார் எப்போது திரும்பப் பிடித்தார்கள்?

1945 மார்ச்சில். ஜெனரல் ரீஸ் தலைமையிலான 19ஆவது இந்தியப் படைப்பிரிவு மாண்டலேயை நோக்கி இறங்கியபோது, அதன் ஒரு பிரிகேட் மலைப்பாதையில் சுற்றிப் போய் ஜப்பானியர் எதிர்பாராத நேரத்தில் மேமியோவைப் பிடித்தது. ஊர் பெரிதாக இடியவில்லை.

13. சுதந்திரத்துக்குப் பின் ஊர் அமைதியானதா?

ஓராண்டுதான். 1948 ஜனவரி 4 அன்று பர்மா சுதந்திரம் பெற்றது. அடுத்த ஆண்டே கரென்களின் கிளர்ச்சி வெடித்தது. அவர்களை அடக்க அனுப்பப்பட்ட கச்சின் படையின் அதிகாரி நா செங், உலகப்போரில் பிரிட்டிஷாரிடம் வீரப்பதக்கம் வாங்கியவர். அவர் கரென்களோடு சேர்ந்துகொண்டார். 1949 பிப்ரவரியில் அவருடைய படை மேமியோவைப் பிடித்தது. மார்ச்சில் மாண்டலேயும் கிளர்ச்சியாளர் கையில் போனது. சில வாரங்களில் அரசு மீண்டும் பிடித்துக்கொண்டது. நா செங் வடக்கே பின்வாங்கி, 1950இல் சீனாவுக்குள் போய்விட்டார். ஒன்பதாவது கேள்வியில் சொன்ன பிரித்தாளும் வழக்கம் எப்படி அறுவடையானது என்பதற்கு இது முதல் சாட்சி.

14. ராணுவ அகாடமி எப்போது வந்தது? ஏன் இங்கே?

பாதுகாப்புப் படைகள் அகாடமி 1954இல் தெற்கு ஷான் மாநிலத்தின் பட்டூவில் தொடங்கி, 1957இல் மேமியோவுக்கு மாறியது. தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகிய மூன்றுக்கும் அதிகாரிகளை உருவாக்கும் பள்ளி அது. பட்டமும் உண்டு, அதிகாரிப் பதவியும் உண்டு. ஏன் இங்கே என்றால், ஊரைப் பார்த்தாலே விடை தெரிகிறது. பாசறைகள் தயாராக இருந்தன, பரேட் மைதானம் இருந்தது, இளைஞர்களை ஓடவைக்கக் குளிர்ந்த காற்று இருந்தது, மாண்டலே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இந்தப் பக்கத்தின் தொடக்கத்தில் பார்த்த அதே சாலையும் இருந்தது.

1993இல் படையின் பொறியாளர்களுக்காகத் தொழில்நுட்ப அகாடமி ஒன்றும் ஊரில் தொடங்கப்பட்டது. பாதுகாப்புப் படைகள் அகாடமியின் வாயிலில், எதிர்காலத்தின் வெற்றிவாகை சூடும் மேன்மக்கள் என்ற பொருளில் ஒரு வாசகம் இருக்கிறது. எந்தப் பள்ளியும் தன் பிள்ளைகளைப் பெருமையாகச் சொல்லலாம். ஆனால் ஒரு தேசத்தில் யார் மேன்மக்கள் என்பதை ஒரு படைப்பள்ளியின் வாயிற்பலகை தீர்மானிப்பது அச்சம் தருகிறது.

15. அங்கே படித்தவர்கள் யார்?

முதல் அணியில் படித்த மாங் ஏய், ராணுவ ஆட்சியின் இரண்டாம் இடம் வரை போனார். ஒன்பதாவது அணியின் தெய்ன் செய்ன் 2011 முதல் 2016 வரை குடியரசுத் தலைவராக இருந்து சில கதவுகளைத் திறந்தார். பத்தொன்பதாவது அணியின் மின் ஆங் ஹிலைங், 2021 பிப்ரவரி 1 அன்று மக்கள் தேர்ந்தெடுத்த அரசைக் கவிழ்த்து அந்தக் கதவுகளை அடைத்தார்.

எந்த ஆண்டு அணி என்பது மியான்மர் படையில் உறவுமுறை போன்றது. அண்ணன் தம்பி வரிசை அங்கே அணி எண்ணில் இருக்கிறது. அரசியல் செய்தி படிக்கும்போது ஒரு தளபதியின் அணி எண்ணைப் பார்த்தாலே, அவருக்கு மேலே யார், யாரோடு உண்டு உறங்கி வளர்ந்தவர் என்று ஓரளவு ஊகிக்கலாம்.

16. ஊர்ப் பெயர் ஏன் மாறியது? நாம் எதைச் சொல்ல வேண்டும்?

1989இல் ராணுவ அரசு நாட்டின் பெயரையும் பல ஊர்களின் பெயரையும் மாற்றியது. பர்மா மியான்மர் ஆனது, ரங்கூன் யாங்கூன் ஆனது, மேமியோ தன் பழைய பெயருக்குத் திரும்பியது. படையெடுத்து வந்த கர்னலின் பெயர் போனதில் தவறில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் மாற்றியவர்கள் யாரையும் கேட்டு மாற்றவில்லை. 1989 வரையிலான நிகழ்வுகளுக்கு மேமியோ என்றும், இன்றைய ஊருக்கு பியின் ஊ லுவின் என்றும் சொல்வது என் வழக்கம். வயதான பலர் இன்னும் பழைய பெயரையே சொல்கிறார்கள்.

17. 1962க்குப் பிறகு அங்கிருந்த இந்தியர்கள் என்ன ஆனார்கள்?

படைத்தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்து, கடைகளையும் வங்கிகளையும் அரசுடைமை ஆக்கியபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவை விட்டு வெளியேறினார்கள். தமிழர்களில் பலர் கப்பலேறிச் சென்னை வந்தார்கள். பாரிமுனையின் பர்மா பஜார் அவர்களுடைய பிழைப்பிலிருந்து எழுந்தது. அவர்கள் பெரும்பாலும் யாங்கூனையும் கீழ்ப் பர்மாவையும் சேர்ந்தவர்கள். மேமியோவின் நேபாளிகளும் வட இந்தியர்களும் ஒரு பகுதியினர் போய்விட, மற்றவர்கள் அங்கேயே வேரூன்றி நின்றார்கள்.

18. இன்று ஊர் எப்படி இருக்கிறது?

காபி, பூ, ஸ்ட்ராபெரி, பின்னலாடை, ஞாயிற்றுக்கிழமைப் பூங்கா. 1936இல் எழுந்த பர்செல் மணிக்கூண்டு இன்னும் கடைத்தெருவைப் பார்த்து நிற்கிறது. மாண்டலேயின் வசதியுள்ளவர்கள் இங்கே வீடு வாங்கி வைத்திருக்கிறார்கள். படை அதிகாரிகளின் குடும்பங்களும் நிறைய. சீருடை அணிந்த இளைஞர்கள் வரிசையாகத் தெருவில் நடந்து போவது அன்றாடக் காட்சி.

2021க்குப் பிறகு அந்த ராணுவ வேலியின் பொருள் மாறிவிட்டது. நாடெங்கும் ஆயுதம் ஏந்திய எதிர்ப்பு எழுந்தது. 2024 ஜூன் இறுதியில் தஆங் இனத்தவரின் ஆயுதக்குழுவான தஆங் தேசிய விடுதலைப் படை, லாஷியோ சாலையில் அடுத்த ஊரான நவுங்சோவைப் பிடித்தது. ஆகஸ்ட் தொடக்கத்தில் லாஷியோவே கோகாங் இனத்தவரின் படையிடம் விழுந்தது. தளபதிகளை உருவாக்கும் பள்ளிக்கு அருகில் போர் வந்து நின்றது. மலை கைவிட்டுப் போகக்கூடும் என்று 1949க்குப் பிறகு முதன்முறையாகப் பேசப்பட்டது. 2025 ஜூலையில் நவுங்சோவை ராணுவம் திரும்பப் பிடித்தது. இடையில் வீடுகளை விட்டு ஓடியவர்கள் தனுக்கள், ஷான்கள், தஆங்குகள், ஏழை விவசாயிகள்.

19. கோக்டெய்க் பாலத்தில் ரயிலில் போக முடியுமா?

பல ஆண்டுகளாக இந்த ஊருக்கு வந்தவர்களின் பெரிய ஆசை அதுதான். பாலத்தின் மேல் ஏறியதும் வண்டி நடை வேகத்துக்குக் குறையும். காலடியில் பள்ளத்தாக்கு திறக்கும். பாலம் ராணுவ முக்கியத்துவம் உடையது என்று சொல்லிப் படமெடுக்கத் தடை இருந்த காலமும் உண்டு. ஆனாலும் சன்னலோரம் இருந்தவர்கள் கேமராவை எடுக்காமல் இருந்ததில்லை. 2025 ஆகஸ்டில் நடந்த சண்டையில் பாலம் சேதமடைந்தது. கண்ணிவெடி வைத்துத் தகர்த்தது தஆங் படைதான் என்று ராணுவம் சொன்னது, ராணுவம்தான் வானிலிருந்து குண்டு போட்டது என்று தஆங் படை சொன்னது. நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாக அந்தப் பள்ளத்தாக்கில் நின்ற எஃகு அது.